பங்குனி வரைக்கும் பாப்பா

முதல் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து கனகலட்சுமி இறங்கும்போது, ரத்னா இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். தினமும் நிற்பதுதான். அதே பஸ்ஸில் இரண்டாம் ஷிப்டுக்கு ரத்னா ஏற வேண்டும். இறங்குகிறவள் கையில் ஏறுகிறவள் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் பால் குடித்ததா, வயிற்றால் போனதா, தூங்கியதா என்று எல்லாச் சேதியையும் சொல்லி முடிக்க வேண்டும். லைனில் ஷிப்ட் மாறும்போது எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதே கதைதான். வடக்குப்பட்டில் அடுத்தடுத்த அறையில் குடியிருந்த இரண்டு பெண்கள், ஒரே ஒயரிங் கம்பெனியில் ஒரே லைனில் ஒருத்தி காலையிலும் ஒருத்தி மத்தியானமும் நின்றுகொண்டு, இப்படித்தான் பிள்ளை வளர்த்தார்கள். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளக் காசு ஏது? ஊரிலிருந்து யாரையாவது கூட்டிவந்தால் படுக்க வைக்க அந்த அறையில் இடம்தான் ஏது?

அன்றைக்கு ரத்னா பிள்ளையைக் கொடுக்கவில்லை. கனகு நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, தோளில் கிடந்த பாப்பாவின் மேல் போர்த்தியிருந்த துண்டை விலக்கிக் காட்டினாள்.

“பஸ்ஸு கெடக்குது வுடு. கொயந்த மூச்சு வுட்றத மொதல்ல பாரு.”

கனகு பார்த்தாள். அவளுடைய ஐந்து மாதப் பிள்ளை. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து மூடின. சட்டையைத் தூக்கினால், விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே போய் ஒட்டியது. மூச்சு விடுகிறதா, எதையோ இழுத்துத் தூக்கப் பார்க்கிறதா என்றே தெரியவில்லை. அழவும் இல்லை. அழுவதற்கு மிச்சம் வைக்காமல் இருக்கிற தெம்பையெல்லாம் மூச்சுக்கே செலவு செய்துகொண்டிருந்தது. காலையில் விட்டுப்போகும்போது மூக்கு ஒழுகியது, கொஞ்சம் இருமியது, அவ்வளவுதான். ரத்னாவின் மகன் நிலவனுக்குப் போன வாரம் அதே சளி வந்து, அவன் அதோடு தெருவெல்லாம் ஓடி விளையாடி, அதுவாகவே போய்விட்டது. பெரிய பிள்ளைக்கு விளையாட்டாகப் போனது சின்னப் பிள்ளையின் நெஞ்சில் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

“பாட்டில் பால வாயில வெச்சா ரெண்டு இழுப்பு இழுக்குது, வுட்டுட்டு மூச்சு வாங்குது. உனக்கு போன் பண்ணா லைன்ல எடுக்க முடியாது. சூப்ரவைசருக்கு அடிச்சேன், அவன் கண்டுக்கவே இல்ல. என் புள்ள சளிதான்டி இது. சொம்மா சளின்னு நெனச்சிகினு வுட்டுட்டேன்.” ரத்னாவின் குரல் உடைந்தது. வடக்குப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், எதற்கும் கலங்காதவள், யாரையும் ஒரு அதட்டில் நிறுத்துகிறவள்.

“விடுங்கக்கா. சளி உங்க வீடு எங்க வீடுன்னு பாத்தா வருது?” என்றாள் கனகு.

டிரைவர் ஹாரன் அடித்தான். “என்னாம்மா, ஏர்றியா இல்லியா?”

“நீ போய்யா, நா வர்ல!” என்று ரத்னா கத்தினாள். ஒரு நாளும் லீவு போடாதவர்களுக்குக் கிடைக்கும் அந்த மாதத்து முழு வருகைப் படி அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. அவள் அதை நினைத்ததாகக்கூடத் தெரியவில்லை. எதிரே வந்த ஆட்டோவைக் கையை ஆட்டி மறித்துக்கொண்டிருந்தாள்.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி. கார்த்திகை மழைக்கு வராந்தாவெல்லாம் ஈரம். உள்ளே நீல யூனிபாரம், சாம்பல் யூனிபாரம், ஆரஞ்சுக் கோடு போட்ட யூனிபாரம் என்று அந்த ரோட்டுக் கம்பெனிகள் அத்தனையும் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தன, மடியில் ஒவ்வொரு பிள்ளையோடு. ஒரு பிள்ளை இருமி நிறுத்தினால் அடுத்தது ஆரம்பித்தது. எல்லாம் ஒரே இருமல். பாப்பாவைப் பார்த்ததும் வாசலில் நின்ற நர்ஸ் டோக்கன் கேட்கவில்லை, கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டாள். டோக்கன் கேட்காததே கனகுக்குப் பகீரென்றது.

டாக்டர் ஏலவார்குழலி காஞ்சிபுரத்துக்காரர். வேகமாகப் பேசுவார், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுவார். பாப்பாவின் கால்விரலில் மாட்டியிருந்த விளக்கு காட்டிய எண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ரத்தத்துல ஆக்ஸிஜன் தொண்ணூறுக்குக் கீழ போயிடுச்சும்மா. வைரஸ் சளி. பெரியவங்களுக்கு வந்தா மூக்கு ஒழுகிட்டுப் போயிடும். இவ்வளவு சின்ன குழந்தைக்கு வந்தா நுரையீரல்ல இருக்கற குட்டிக் குட்டிக் குழாயெல்லாம் வீங்கி அடைச்சிக்கும். இந்த மழை சீசன் பூரா எங்க பெட் எல்லாம் இதேதான்.”

“ஊசி போட்டா சரியாயிருமா டாக்டர்?”

“இதுக்குன்னு மருந்து கிடையாது. ஆக்ஸிஜன் வைப்போம், சளிய உறிஞ்சி எடுப்போம், மூக்கு வழியா குழாய்ல பால் குடுப்போம். மிச்சத்த அவளேதான் பண்ணணும். நாலஞ்சு நாள் ஆகும், கூடவும் ஆகலாம். மூச்சு விட்டு விட்டு அசந்து போயிட்டான்னா மெஷின்ல போடணும். அதுக்குத் தாம்பரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்க ஆம்புலன்ஸ்லயே மாத்துவோம். செலவு தாங்காதுன்னா செங்கல்பட்டு, எழும்பூர்னு கவர்மென்ட்டுக்கு எழுதித் தர்றேன், நல்லா பாப்பாங்க. ஆனா இந்த மூச்சோட இப்ப அவ்வளவு தூரம் ரோட்டுல கொண்டு போறது எனக்கு மனசில்ல.”

கவுண்டரில் ஒரு நாளைக்கு ஆகும் தொகையைச் சொன்னார்கள். கனகுக்கு அது பதினைந்து நாள் சம்பளம். மருந்தே இல்லாத வியாதிக்கு இவ்வளவா என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். மருந்துக்கில்லம்மா, பெட்டுக்கும் ஆக்ஸிஜனுக்கும் என்றான் கவுண்டர் பையன், பாவம், தினமும் அதையே சொல்லிச் சொல்லி அலுத்த குரலில். “காத்துக்கா துட்டு?” என்றாள் கனகு. அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். “இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?” என்று மட்டும் கேட்டான்.

இருந்தது. மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கம்பெனி கொடுத்த கார்டு. கழுத்து வாரில் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். ஆக்ஸிஜனுக்கும் செல்லும், பெரிய ஆஸ்பத்திரிக்கும் செல்லும். புருஷன் வனமாமலை கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன், அவனுக்குக் கார்டும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது. அந்தக் குடும்பத்துக்கே இருந்த ஒரே கார்டு இவளுடையதுதான். கவுண்டர் பையன் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “உங்க பேரு இருக்கு, உங்க வூட்டுக்காரர் பேரு இருக்கு. கொழந்த பேரு ஏத்தலியேம்மா?”

ஏத்தவில்லைதான். ஏத்துவதற்குப் பிள்ளைக்குப் பெயர் இருந்தால் அல்லவா!

இதைக் கேட்டு இந்தப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள், ரத்னாவே எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள். வனமாமலை குடும்பத்தில் பெயர் வைப்பது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. நாங்குநேரிக்குக் கிழக்கே பனங்காட்டுக்குள் இருக்கிற குலசாமி சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் இருந்தாலும் வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்து, பொங்கலிட்டு, மூன்று பெயர் எழுதி மூன்று வெற்றிலையில் மடித்துத் தட்டில் குலுக்கி, ஒன்றை எடுப்பார்கள். எடுத்ததுதான் பெயர். அதுவரை ஆணானால் தம்பி, பெண்ணானால் பாப்பா. பிறப்புச் சான்றிதழில் பெயர் கட்டம் காலியாகக் கிடக்கும். பாப்பா பிறந்தது ஆனி மாதம். அதாவது பங்குனி போய் மூன்று மாதம் கழித்து. பிரசவ லீவு முடிந்து கனகு வேலைக்குத் திரும்பிய அன்றே ஹெச்.ஆர். பிரசாந்த் கூப்பிட்டுக் கேட்டார், பிள்ளை பேரைக் கொடுங்க, கார்டுல ஏத்தணும் என்று. பங்குனி முடியட்டும் சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த மாதமும் கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னாள், ஏதோ பெரிய கெட்டிக்காரி மாதிரி சிரித்துக்கொண்டே. லைனில் அவள் கை வழியாகப் போகும் ஒரு முழ ஒயர்கூடப் பெயரும் எண்ணும் ஒட்டாமல் அடுத்த ஆளிடம் நகராது. பெற்ற பிள்ளையை மட்டும் ஐந்து மாதமாக ஒன்றும் ஒட்டாமல் வைத்திருந்தாள்.

கவுண்டரிலிருந்தே பிரசாந்துக்குப் போன் அடித்தாள். நல்ல வேளை எடுத்தார்.

“பேர காலியா விட்டா சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கே போகாதும்மா. பாப்பான்னு போட்டா நாளைக்கு சான்றிதழோட ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. நெஜப் பேரு ஒண்ணு சொல்லுங்க, இப்பவே ஏத்தி அவங்களுக்கு போன் பண்ணிடறேன். சான்றிதழ்ல அப்புறமா சேத்துக்கலாம். ஆனா ஒண்ணு, இன்னைக்கு சனிக்கிழமை, அஞ்சு மணிக்கு மேல இன்சூரன்ஸ் ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க. அப்புறம் திங்கள்தான்.”

“கூப்பிடுதேன் சார்” என்று வைத்தாள். ஒரு பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. அதுதான் உண்மை. அவளுக்கும் சாஸ்தாவிடம் பயம் இருந்தது. கல்யாணமாகி நான்கு வருஷம் வயிறு திறக்காமல் கிடந்து, அந்தப் பனங்காட்டு மண்ணில் உருண்டு எழுந்த பிறகு நின்ற கரு இது. பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வனமாமலையின் அண்ணன் நெல்லையப்பன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், புதுசாகக் கேன்டீன் வேலை நிரந்தரமான மிதப்பில், இந்தக் காலத்தில் என்ன சாஸ்தாவும் வெற்றிலையும் என்று, தன் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலேயே பெயர் வைத்து, கேக் வெட்டி, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். அடுத்த பங்குனி வருவதற்குள் அந்தப் பிள்ளை போய்விட்டது. பிறகு பிள்ளையும் இல்லை. அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. நெல்லையப்பன் அன்றிலிருந்து சாஸ்தா கோயில் காரியம் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு செய்கிறவராகிவிட்டார்.

வனமாமலை வேனைப் போட்டது போட்டபடி ஓடி வந்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை மூக்கில் குழாயோடு கிடந்ததைப் பார்த்து, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கனகு விஷயத்தைச் சொன்னாள். “அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்ட்டி” என்றான். அவள் எதிர்பார்த்ததுதான். அவனைப் படிக்க வைத்தது, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது, இந்த ஊருக்குக் கூட்டிவந்து வேனில் ஏற்றிவிட்டது எல்லாம் அண்ணன். அண்ணன் இல்லையென்றால் இவன் இன்னும் ஊரில் வாழைத்தார் சுமந்துகொண்டிருப்பான்.

நெல்லையப்பன் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கம்பெனி கேன்டீனை நடத்துகிறவர். போன் போன அரை மணியில் வண்டியில் வந்து இறங்கினார், மழையில் தொப்பலாக நனைந்து, தோளில் துண்டோடு, இருமிக்கொண்டு. கனகு எழுந்து நின்றாள். திட்டுவார் என்று மனதுக்குள் எல்லாப் பதிலையும் அடுக்கி வைத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

“துட்டு எவ்வளவு ஆனாலும் நான் தாறேன்” என்றார் தம்பியைப் பார்த்து. “மணிமங்கலத்து மனைய வித்துருதேன். ஒருத்தன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான். நீங்க ஒண்ணுக்கும் மலைக்காதிய. பேரு மட்டும் பங்குனிக்கு முன்ன வேண்டாம். அந்த ஒரு தப்ப மட்டும் பண்ணிராதிய.”

வனமாமலை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சண்டைக்கு வருகிறவரிடம் மல்லுக்கு நிற்கலாம். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுக்க வருகிறவரிடம் என்ன செய்வது? அந்த மனை அவர் இருபது வருஷம் அடுப்பு வெக்கையில் நின்று வாங்கியது. பிள்ளை இல்லாத இரண்டு பேர் கடைசிக் காலத்துக்கு வைத்திருக்கிற ஒரே பிடிப்பு. அதைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு ஒரு நொடிகூட யோசனை வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் இந்தப் பிள்ளைக்காக மட்டும் கொடுக்கவில்லை என்று கனகுக்குத் தோன்றியது. அன்றைக்கு விட்ட பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். ஐயோ பாவம் என்றிருந்தது. அதே நேரம் கோபமும் பொங்கிக்கொண்டு வந்தது. இவர் பயத்துக்கு என் பிள்ளை மூச்சா அடகு?

“பெரியத்தான், மனை விக்க எத்தன நாளாவும்?”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “பத்திரம் முடிய ஒரு மாசம். அட்வான்ஸ் ரெண்டு மூணு நாள்ல வாங்கிரலாம்லா.”

“பாப்பாக்கு எத்தன நாளு இருக்குன்னு டாக்டரம்மாட்ட கேட்டியளா?”

வனமாமலை, “ஏட்டி, யாருட்ட பேசுத?” என்றான், சத்தமே வராமல்.

“தெரிஞ்சுதான் பேசுதேன். ராத்திரியே மெஷின்ல போடணும்னா பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு மனைய விக்கவா முடியும்? என்ட்ட கார்டு இருக்கு. யாருட்டயும் கை நீட்டி வாங்கல. மாசாமாசம் எஞ் சம்பளத்துல பிடிச்ச துட்டு. கால் கடுக்க நின்னு சம்பாதிச்சது. அத வச்சுக்கிட்டு உங்க மனைய ஏன் விக்கணும்?”

“கார்டு பிள்ளய காப்பாத்துமாம்மா?” என்று கேட்டார் நெல்லையப்பன். கோபமாகக் கேட்கவில்லை. கண் கலங்கித்தான் கேட்டார். “நானும் ஒன்ன மாதிரித்தான் பேசினேன். இத விட ஜாஸ்தியா பேசினேன்.”

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. ஓரகத்தி உலகம்மாள். நெல்லையப்பனின் மனைவி. அதிகம் பேசாதவள். ஒரு விசேஷத்துக்குப் போனால் அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டாள். கனகு தள்ளிப் போய்ப் பேசினாள்.

“அவுக அங்கன வந்துட்டாவளா?”

“வந்துட்டாவ, அக்கா.”

“பேரு வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாவ. கேக்காத. எம் பிள்ள பேரால சாவல்ல, கனகு. இதே மாதிரிதான் நெஞ்சு உள்ள போயி உள்ள போயி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் கால்ல விழாத குறை. ஆரம்பத்துல சளிதானன்னாவ, அப்புறம் பேரு வச்ச தோசம்னு ஊருக்குத் தூக்கிட்டுப் போவோம்னாவ. பஸ்ஸுல, விழுப்புரம் தாண்டி…” உலகம்மாள் நிறுத்தினாள். அழுகிறாளா என்று கனகு காது கொடுத்தாள். இல்லை. அழுது தீர்ந்துபோன குரல். “பேரு மேல பழியப் போட்டாத்தான் அவுகளால உசுரோட இருக்க முடியும். அதனால நானும் ஒண்ணும் சொல்லல்ல. பதினோரு வருசமா எம் பிள்ள பேர வாய்விட்டுக் கூப்பிட்டதில்ல நான். ஒம் பிள்ளைக்கு ஒரு பேர வை. வச்சு நல்லா சத்தமா கூப்பிடு.”

போனை வைத்த பிறகு கனகு வராந்தாக் கடைசியில் ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக மழையில் நகர்ந்தன. மனதுக்குள் பனங்காடும் சாஸ்தாவின் அந்தக் கறுத்த கல்லும் வந்தன. கும்பிடவில்லை. நேருக்கு நேர் நின்று பேசினாள். பேர் வைக்கிற உரிமை உனக்கு வேணும்னா மூச்சு விட வைக்கிற பொறுப்பும் உனக்குத்தான். அத நீ செய்யல்ல. இங்க ஒரு டாக்டரம்மாவும் நாலு நர்சும் செய்யுதாவ. அவுகளுக்கு ஒரு பேரு வேணும், நான் குடுக்கப் போறேன். கோவம்னா எம் மேல வா. எங்க வேணும்னாலும் வா, லைனுக்கே வா. பிள்ள மேல கைய வச்ச, பங்குனிக்கு உன் வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவேன், சாமியாவது பூதமாவது! இப்படித்தான் சொன்னாள், ஒரு சொல் கூடவோ குறையவோ இருக்கலாம். சொல்லி முடித்ததும் பிரசாந்துக்குப் போன் போட்டாள்.

மெதுவாகப் பேசியிருக்கலாம். வேண்டுமென்றே எல்லோரும் இருக்கிற இடத்துக்கு நடந்து வந்து, நெல்லையப்பன் காதில் விழும்படி நின்றுகொண்டு பேசினாள். மறைவில் வைத்தால் அது திருட்டுப் பெயர் ஆகிவிடும்.

“சார், எழுதிக்கிடுங்க. அரசி.”

முன்னாலேயே யோசித்து வைத்த பெயரெல்லாம் இல்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. பெஞ்சில் நிலவனை மடியில் போட்டுக்கொண்டிருந்த ரத்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்படி போடு! மெய்யாலுமே ஷோக்கா கீது பேரு. நாளைக்கு எலெக்ஷன்ல நின்னா நானே ஓட்டு போடுவேன்.” பக்கத்துப் பெஞ்சுக்காரிகள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு கனகுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தது போலிருந்தது.

“அப்பாவும் ஒரு வார்த்த சொல்லணும்மா, பின்னாடி பிரச்சன வரக்கூடாது” என்றார் பிரசாந்த். கனகு போனைப் புருஷனிடம் நீட்டினாள். வனமாமலை அதை வாங்காமல் அண்ணனைப் பார்த்தான். நெல்லையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். உள்ளே நர்ஸ் பிள்ளையின் மூக்கில் குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள், பிள்ளை முதல் தடவையாக வீறிட்டது. சின்ன வீறல்தான், பூனைக்குட்டி அளவுக்கு. வனமாமலை போனை வாங்கினான்.

“ஆமா சார். அரசிதான். எம் பிள்ளதான் சார்.”

நெல்லையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கீழே வண்டி கிளம்புகிற வரை அவர் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கார்டு செல்லுபடியாகிவிட்டது என்று கவுண்டர் பையன் வந்து சொன்னபோது ஐந்தடிக்கச் சில நிமிஷமே இருந்தது. நர்ஸ் ஒரு துண்டு பிளாஸ்திரியில் பேனாவால் பெயரை எழுதிக் கட்டிலில் ஒட்டினாள். ரத்னா நிலவனை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், பாப்பாவின் சளி போகிற வரைக்கும் பையனோடு இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று தானே தன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு. கனகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரசி, இழு. அரசி, விடு. அரசி, இழு. உறங்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள், உறங்கிவிட்டால் அது நிறுத்திவிடும் என்பதுபோல. கண் சொக்கும்போது எத்தனை தடவை சாஸ்தா வந்தாரோ, அவரையும் முறைத்து அனுப்பினாள்.

மறுநாள் காலை டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மெஷின் இதுவரைக்கும் தேவைப்படவில்லை, ஆனால் இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். “இந்த வியாதி மூணாவது நாள், நாலாவது நாள்தான் உச்சத்துக்குப் போகும். பாக்கலாம். சளி இருமல் இருக்கற ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க. யாரா இருந்தாலும் சரி.” யாராயிருந்தாலும் என்பதைக் கனகு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் நெல்லையப்பன் வந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் மடித்த காகிதத்தில் இன்னும் கொஞ்சம் திருநீறோடு. முகம் வீங்கியிருந்தது, அவரும் உறங்கவில்லை. வனமாமலை டீ வாங்கப் போயிருந்தான். கதவைத் தள்ளப் போனவரின் முன்னால் கனகு வந்து நின்றாள்.

“பிள்ளய ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்” என்றார். சொல்லும்போதே இருமல் வந்து, திரும்பிக்கொண்டு இருமினார்.

“உள்ள வரக்கூடாது, பெரியத்தான்.”

அவருக்கு விளங்கவில்லை. அவரை யாரும் எந்த வாசலிலும் நிறுத்தியதில்லை. அதுவும் தம்பி பெண்டாட்டி, குறுக்கே கையை நீட்டிக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. “பேரு வைக்க வேண்டாம்னு சொன்னேன்னு என்ன வெளிய நிறுத்துதியாம்மா?”

“பேருக்காவ இல்ல, பெரியத்தான். இருமலுக்காவ. நீங்க எங்கள இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தவுக. உங்க கால்ல விழச் சொன்னா இப்பவே விழுதேன். ஆனா விட மாட்டேன்.”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. நெல்லையப்பன் அந்தக் கையைப் பார்த்தார். வார்டுக்குள்ளிருந்து நர்ஸ் குரல் கொடுத்தாள். “அரசி அம்மா! பால் குடுக்கற டைம், வாங்க!”

அந்தப் பெயர் வராந்தா முழுக்கக் கேட்டது. நெல்லையப்பனின் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. திருநீற்றுப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தார். நகர்ந்து, வராந்தாவில் வார்டைப் பார்க்கிற பெரிய கண்ணாடி ஜன்னல் பக்கம் போனார்.

கனகு கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். மூக்குக் குழாய் வழியாக நர்ஸ் பாலை இறக்கி முடித்ததும், ஆக்ஸிஜன் குழாய் இழுபடாமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் நிமிர்த்திப் பிடித்தாள். விலா இன்னும் உள்ளே போய்த்தான் வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நெல்லையப்பன் துண்டை மூக்கும் வாயும் மறையச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவள் பிள்ளையின் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு அவர் வாயருகே துண்டு உள்ளே ஒட்டி, வெளியே புடைத்தது. திரும்ப ஒட்டி, திரும்பப் புடைத்தது. ஒரு பெயரைத்தான் சொல்கிறார், திரும்பத் திரும்ப. அரசியா, அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. அரசி கண் கொட்டாமல் அந்தத் துண்டு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.